பதினெட்டு மணி நேரம்

வியாழக்கிழமை மதியம் ராஜபாளையத்தில் அப்பா இறந்ததும், அண்ணன் இருக்கும் ஹூஸ்டனிலிருந்து மதுரைக்கு எவ்வளவு நேரமாகும் என்று சிவரஞ்சனி செல்போனில் தேடினாள். பதினெட்டு மணி நேரம் என்று வந்தது. அதையே பெரியப்பாவிடம் சொன்னாள்.

"அப்போ நாளைக்கு ஒங்க அண்ணன் வந்துருவான். அவனே கொள்ளி வைக்கட்டும்."

அது தூரத்தை வேகத்தால் வகுத்த வெறும் கணக்கு. நேராகப் பறக்கும் விமானமே கிடையாது என்பது அண்ணன் டிக்கெட்டை அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. பெரியப்பாவிடம் மாற்றிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வெள்ளி மாலை அண்ணன் தோஹாவில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தான்.

"விடிஞ்சா சனிக்கிழமை. இனி வைக்க ஏலாதும்மா," என்றார் பெரியப்பா. ஐஸ் பெட்டியின் வயரைக் கழற்றினார்கள்.

செல்போனில் அண்ணன் கெஞ்சினான். "இன்னும் பத்து மணி நேரந்தான், ரஞ்சனி. இருக்கச் சொல்லேன்."

"சொல்றேண்ணே," என்றாள். அதற்குள் அப்பாவைத் தூக்கிவிட்டார்கள்.