எண்பத்து நான்காம் நம்பர்

மாலைப் பேப்பரைப் பிரித்து, ஜன்னலோரம் நின்றபடியே நான்காம் பக்கத்துக்குப் போனாள் ஹில்டா. காய்ச்சல் ஆஸ்பத்திரிப் பட்டியல். பிள்ளைகளுக்கு அதில் பெயர் கிடையாது, நம்பர்தான். பெற்றவர்கள் உள்ளே போக முடியாது; அபாயப் பத்தியில் நம்பர் வந்தால் மட்டும் அம்மாவை விடுவார்கள்.

எண்பத்து மூன்று, அவள் மகள் எட்னா. 'தேறுகிறது.'

மூச்சு வந்தது. கண் மேலே ஓடியது. 'அபாயம்.' ஒரே ஒரு நம்பர். எண்பத்து நான்கு.

பக்கத்து வீட்டு ஏடாவின் மகன் கிளிஃபர்ட். தொண்டை அடைப்பான் என்று இரண்டு பேரையும் ஒரே வண்டியில்தான் ஏற்றிப் போனார்கள். எட்னாவுக்கு முதலில் தொண்டை கட்டியபோது ஹில்டா டாக்டரிடம் போகவில்லை. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளையைத் தூக்கிப் போய்விடுவான் என்ற பயம். வாத்துக் கொழுப்பைத் தடவி, புருஷனின் கம்பளிக் காலுறையைக் கழுத்தில் சுற்றி, சளிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போதெல்லாம் கிளிஃபர்ட் இங்கேதான் கிடந்தான். ஒரே மிட்டாயை மாற்றி மாற்றிச் சப்பின இரண்டும்.

நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே ஏடா.

"என்னடி போட்டிருக்கான்?" உள்ளே வந்தவள் கதவைக்கூடச் சாத்தவில்லை. "தூரத்துல இருக்கறதெல்லாம் பளிச்சுனு தெரியுது. பேப்பரைப் பிடிச்சா எறும்பு ஊருது."

"ரெண்டுமே தேறிட்டு வருதாம்க்கா."

ஏடா சிரிக்கவில்லை.

"பதினாலு வருஷமா பக்கத்துப் பக்கத்துத் தறியில நிக்கறோம். அந்த இரைச்சல்ல ஒருநாளாவது நீ சத்தமாப் பேசி நான் கேட்டிருக்கேனா?"

மில்லில் பேச்செல்லாம் உதட்டசைவில்தான். பட்டியலையும் உதட்டை அசைத்தே படித்திருக்கிறாள் ஹில்டா, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடி.

"அபாயம்னு படிச்ச. அடுத்தது என் புள்ள நம்பர்."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா."

"இதை நம்பி நான் டீ போட்டுக் குடிச்சிட்டு உக்காந்திருப்பேன். அவன் அங்க அம்மா வருவான்னு..." ஏடா நிறுத்தினாள். "எட்னா கழுத்துல அந்தக் காலுறை எத்தன நாளுடி இருந்துச்சு?"

"ரெண்டு நாள்."

ஏடா தலையை ஆட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

தெருமுனையில் டிராம் மணி கேட்டது. ஏடா ஓடினாள். மழை நனைத்த கல்தெருவில் ஒரு கால் மரச்செருப்பு கழன்று உருண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டிராம் அவளை ஏற்றிக்கொண்டு மேடேறியது.

ஹில்டா இறங்கிப் போய்ச் செருப்பை எடுத்தாள். உள்ளே இன்னும் சூடு இருந்தது.