எட்டுத் தறிக்கு ஒரு பதில்

ராமாத்தாளின் உடம்புக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரையாவது எதிர்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றால் போதும், அவளைக் கேட்காமலேயே அது தன் வேலையை ஆரம்பித்துவிடும். முதலில் நெஞ்சு படபடக்கும். அப்புறம் உள்ளங்கை வேர்க்கும். கடைசியில் தொண்டை இறுகி, வாயைத் திறந்தாலும் சத்தம் வராது. பெண் பார்க்க வந்த அன்றும் இதே கூத்துத்தான். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. சோமனூரில் இருபது வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறாள். இது இருதய நோயேதான் என்று தானாகவே முடிவு கட்டி, போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்தாள். டாக்டர் நஸ்ரியாவுக்கு அவள் மகள் வயசுதான் இருக்கும்.

"இருதயம் நல்லாத்தான் இருக்குங்கம்மா. பயமோ கோவமோ வந்தா உடம்பு தானாவே சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகும். கை காலுக்கு ரத்தம் வேகமாப் போகோணுமில்லீங்களா, அதான் படபடப்பு. வாய் வறண்டுபோகும், தொண்டை இறுகும், கை நடுங்கும்."

"அப்ப எனக்கு வாரது பயமுங்களா, கோவமுங்களா?"

"அது எனக்கெப்படித் தெரியுமுங்க? நீங்கதான் சொல்லோணும்."

ஒரு மாத்திரைகூடத் தராமல் அனுப்பிவிட்டாளே என்று ராமாத்தாளுக்கு அன்றைக்கு வருத்தம்தான்.

இந்த வாரம் தறிக்குடோன் சுவரில் முதலாளி கிருபாசங்கர் ஒரு காகிதம் ஒட்டினான். புதுசாக இருபது தறி வருகிறது, திங்கட்கிழமையிலிருந்து ஆளுக்கு ஆறு தறி இல்லை, எட்டு. ஆறுக்கே ஒன்றுக்குப் போக நேரம் கிடைப்பதில்லை. ஒரு தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் அடுத்த தறியில் அறுந்திருக்கும். போன வாரம்தான் நாச்சியம்மாள் தறிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தாள். டீ நேரத்தில் பத்துப் பெண்களும் கூடிப் பேசி, மூத்தவள் என்று ராமாத்தாளைத்தான் பேசப் போகச் சொன்னார்கள். ஊமைக்குப் பாட்டுப் போட்டியா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் நாச்சியம்மாளின் வீங்கிய கால்களைப் பார்த்ததும் சரி என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் முதலாளி அறைக்குள் போனாள். ஏசி அறை. குடோன் பக்கத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி. யார் சும்மா நிற்கிறார்கள் என்று நாற்காலியில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

"வாங்க வாங்க, ராமாத்தாக்கா. உக்காருங்க. எட்டுத் தறியப் பத்தித்தானுங்களே? சொல்லுங்க, கேக்கறேன்."

கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டு மரியாதையாக அறுக்கிற ஆள் கிருபாசங்கர்.

'எட்டு ஓட்ட முடியாதுங்க தம்பி.' வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது இவ்வளவுதான். வாயைத் திறந்தாள். பாழாய்ப்போன உடம்பு ஆரம்பித்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது, அந்தக் குளிரிலும் முதுகில் வேர்வை வழிந்தது, உதடு அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

கிருபாசங்கர் சிரித்தான்.

"என்னுங்கக்கா, நெஞ்சு படபடக்குதுங்களா? வயசாச்சில்லீங்க, பயம் வரத்தானுங்க செய்யும். சரி, ஒண்ணும் சொல்லலைன்னா சம்மதம்னு எடுத்துக்கறேன். திங்கக்கெழமை எட்டுங்க."

பயமா? ராமாத்தாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இது பயம் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றும் இது பயமாக இருந்ததில்லை. கோபம். சுத்தமான, கலப்படமில்லாத கோபம். இத்தனை வருஷமாக அதற்குத் தப்பான பேர் வைத்து, மாத்திரை தேடி அலைந்திருக்கிறாள்.

அவனுக்கு முதுகைக் காட்டிக் கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றாள். அழுகிறாள் போல என்று நினைத்து, கிருபாசங்கர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

அங்கேதான் அவன் தப்புப் பண்ணினான். தறி ஓட்டிச் சம்பாதித்த அவன் தாத்தாவாக இருந்தால் அந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டார். அறுபது தறி ஓடுகிற இரைச்சலில் எவளும் தொண்டையால் பேசுவதில்லை. உதட்டால்தான் பேச்சு. காலையில் வைத்த குழம்பு முதல் மருமகளின் சண்டை வரைக்கும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, துளி சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடும். ஏசி அறையிலேயே வளர்ந்தவனுக்கு அது தெரியாது.

ராமாத்தாள் நடுங்குகிற கையைக் கண்ணாடியில் பதித்து, உதட்டை அசைத்தாள்.

'எட்டுத்தாங்கறான். நான் முடியாதுங்கறேன். நீங்க?'

சத்தமில்லாத பேச்சில் மரியாதைக்கும் வேலையில்லை.

முதலில் பார்த்தவள் நாச்சியம்மாள். தன் ஆறு தறிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவள் அவளைப் பார்த்தாள், ராமாத்தாளைப் பார்த்தாள், தானும் நிறுத்தினாள். அப்படியே அந்தக் கோடி வரைக்கும் போயிற்று. கடைசித் தறியும் நின்றபோது ஏசியின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது.

கிருபாசங்கர் திடுக்கிட்டு எழுந்தான்.

"கரண்டு போயிருச்சுங்களா?" தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"கரண்டு இருக்குங்க தம்பி." குரல் கீறலாக வந்தது, ஆனால் வந்துவிட்டது. "நாங்கதான் நிறுத்திப்போட்டோம்."

"கை இந்த நடுக்கம் நடுங்குது, என்கிட்ட வந்து..."

"நடுங்கட்டுமுங்க. அது பாட்டுக்கு நடுங்கும், நான் பாட்டுக்குப் பேசுவேன். எட்டு ஓட்டமாட்டோமுங்க. ஆறுன்னு சொல்லுங்க, இப்பவே ஓடும்."

சாயங்காலம் லாரி வரும். துணி இன்னும் தறியில் இருக்கிறது. கிருபாசங்கர் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"சரிங்க, ஆறே இருக்கட்டும். போய்ச் சொல்லிப்போடுங்க."

"நான் சொன்னாப் பத்தாதுங்க. காகிதம் ஒட்டுனது நீங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். ஒன்பது பெண்கள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 'ஆறே ஓட்டுங்க' என்று உதடு அசைந்தது. சத்தம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

உதட்டைப் பார்த்தே ஒன்பது பேருக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் நாச்சியம்மாள் காதோரம் கையைக் குவித்துக்கொண்டாள்.

"கேக்கலீங்க தம்பி! சத்தமாச் சொல்லுங்க!"

கிருபாசங்கர் கத்திச் சொன்னான்.