ஓரெழுத்து கூடுதல்

ஏழாம் எண் வீட்டு வாசலில் நின்ற மரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் காணாமல் போனது. நிழல் மட்டும் போகவில்லை. இலை விழுந்தால்கூடத் திரும்பிப் பார்க்கிற அமைதியான தெரு அது. ஆனால் மரம் போன சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தபால்காரர் வழக்கம்போல நிழலில் சைக்கிளை நிறுத்திவிட்டுத்தான் அண்ணாந்து பார்த்தார்.

அதே பத்தரை மணிக்குத் தெருக்கோடிப் பல்கலைக்கழகம், அந்தத் தெரு மரங்களைப் பற்றிய ஆய்வேட்டை ஏற்று முத்திரை குத்தியிருந்தது. அதைத் தட்டச்சு செய்தவள் ஏழாம் எண் வீட்டுக்காரிதான். இருபது வருடமாகப் பிழையே வராத கை என்று பேரெடுத்தவள். பிரதியைப் புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ‘ஏழாம் எண் வீட்டு வாசலில் ஒரு மரணம் உள்ளது’ என்றிருந்தது. மரத்துக்கு நடுவே ஒரு ‘ண’ விழுந்திருந்தது. அடுத்த வரிக்குக் கண் போகவில்லை. வீட்டில் இருப்பது அவளும், இதயநோயாளியான கணவரும்தான்.

“தைச்சு அட்டை போட்டதுல கை வைக்க முடியாதும்மா,” என்றார் பல்கலைக்கழக எழுத்தர். “திருத்த மனு குடுங்க. குழு கூட எட்டு மாசம் ஆகும்.”

மனு கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து வாசல் கதவைத் திறக்கவே விடவில்லை. கணவரைப் பின்வாசல் வழியாகவே வெளியே அனுப்பினாள். “என்னைக் கடத்துற மாதிரில்ல இருக்கு!” என்று அவர் சிரித்தார். எட்டாம் மாதம், காபியில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். மருத்துவர் வந்து, முடிந்தது என்று எழுதிக்கொடுத்தார்.

அழுது ஓய்ந்த பிறகுதான் அவள் அடுத்த வரியைப் படித்தாள்: ‘ஆண்டுக்கொரு முறை முற்றிலும் உதிர்ந்து, பத்தாம் நாள் மீண்டும் துளிர்ப்பது.’ உடனே கதவைத் தாழிட்டாள். வாசலில் கூடிய உறவினர்கள் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். “பத்து நாள் பொறுங்க, அப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க,” என்றாள் உள்ளிருந்தே. அவர் உடம்பு பழுத்த இலையாக மஞ்சளித்தது. வாடை மட்டும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் தபால்காரர் ஜன்னலைத் தட்டினார். “அக்கா, உங்க மனு இன்னைக்குக் குழுவுக்குப் போகுதாம்!” திருத்திவிட்டால் துளிர்ப்பது மரம்தானே, அவர் இல்லையே! செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். எழுத்தர் கோப்போடு எழுந்து நின்றார்.

“ஐயோ, வேண்டாங்க! பிழையே இல்ல. நான் சரியாத்தான் அடிச்சேன்.”

மனுவைத் திரும்பப் பெற்றுக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை கணவரின் காதுமடலுக்குப் பின்னால் பச்சையாக ஒன்று முளைத்தது. மத்தியானம் கண் திறந்து, “சர்க்கரை இன்னும் வரலையா?” என்றார்.

அதற்குப் பிறகு வருடத்துக்குப் பத்து நாள் அந்த வீட்டில் ‘மணி அடிக்க வேண்டாம்’ என்று அட்டை தொங்கும். தபால்காரர் கடிதங்களைச் சேர்த்து வைத்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் ஒன்பதாம் நாள் அவள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து, அந்த ‘ண’ இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.