தீவுப் பூச்சியின் இடது கால்

அப்பாவுக்குச் சட்டை மாட்டி, பையில் அவருடைய பேனாவை மகள் செருகிக்கொண்டிருந்தபோது அதிகாரி வந்தார். அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவின் தலைவர். மலர்வளையத்தை அப்பாவின் காலடியில் வைத்தார், ஒரு நிமிடம் கண்மூடி நின்றார், பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. அந்தத் தீவுப் பூச்சி இருக்கிற பெட்டி இங்கதானே இருக்கு? ஆபீஸ் சொத்து. அப்படியே எடுத்துட்டுப் போயிடறேன்."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்! அவளுக்கு அழுகை நின்று கோபம் வந்தது.

"கொண்டுபோய் என்ன பண்ணுவீங்க?"

"கரையில இருக்கிற இனத்தோட சேர்த்து வச்சிடுவோம்."

அப்பா அங்கே முப்பது வருடம் பூச்சிகளுக்கு ஊசி குத்திச் சீட்டு எழுதிய உதவியாளர். பதினோரு வருடத்துக்கு முன் தீவிலிருந்து ஒரே ஒரு ஆண் கும்பிடுபூச்சி வந்தது. கரை இனத்துக்கு முன்னங்கால் தொடையின் வெளிவரிசையில் நான்கு முள். இதற்கு ஐந்து. வயிற்று நுனிக்குள் இருக்கும் கொக்கியும் வேறு விதமாக வளைந்திருந்தது. அதைத் தனியே எடுத்து, சின்னக் குப்பியில் போட்டு, பூச்சியைக் குத்திய அதே ஊசியில் கோத்தார். புது இனம் என்றார்.

ஆனால் இடுக்கி பட்டு வலது காலில் ஒரு முள் ஒடிந்துபோனது. "என் கையால் ஒடிந்தது" என்று அவரே சீட்டில் எழுதி வைத்தார். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அதிகாரி வலது காலை எண்ணினார். நான்கு. கரை இனமேதான் என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார். இடது காலையும் பாருங்கள் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். உதவியாளன் சொன்னதற்காக இன்னொரு முறை குனிவதா?

கரை இனத்தோடு கலந்துவிடக் கூடாதென்று அப்பா வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருந்த பெட்டியை மகள் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தாள். மேலே அப்பாவின் லென்ஸை வைத்தாள்.

"இடது காலை எண்ணிட்டு எடுத்துட்டுப் போங்க."

"இப்பவாம்மா? எல்லாரும் பார்க்கறாங்க..."

"பார்க்கட்டும்."

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. சித்தப்பா எட்டிப் பார்த்தார். "அம்மாடி, வண்டிக்காரன் அவசரப்படறான்."

"நிக்கச் சொல்லுங்க சித்தப்பா. அப்பா பதினோரு வருஷம் நின்னாரு."

சித்தப்பா பெட்டியைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். "எண்ணிடுங்க சார். எங்கண்ணன் பிடிவாதக்காரன். நீங்க எண்ணாம வண்டி ஏறமாட்டான்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரி தரையில் மண்டியிட்டு லென்ஸைக் கண்ணில் வைத்தார்.

"சத்தமா எண்ணுங்க" என்றாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு..."

நின்றுவிட்டார். லென்ஸைத் துடைத்தார். முதலிலிருந்து, உதட்டுக்குள்ளேயே எண்ணினார்.

"அஞ்சு" என்றார், நிமிராமலே.

அவள் அப்பாவின் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அதிகாரியிடம் நீட்டினாள்.