இரண்டு மேஜை, ஒரே விரிப்பு

மகன் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். அப்பா ஏற மாட்டேன் என்கிறார். எழுபத்திரண்டாம் வருஷம் செப்டம்பரில், ஜெர்மனியில், கைசர்ஸ்லௌட்டர்ன் ரயில் நிலைய வாசலில், இப்படித்தான் அது ஆரம்பித்தது. இருவருக்கும் நடுவில் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு அசடு மாதிரி நின்றவள் நான்.

மகன் பெயர் லேவி. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். ஊருக்கு வெளியே கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். அவர் வீட்டு மாடியில் நானும் என் கணவர் பாஸ்கரனும் குடியிருந்தோம். புதிதாகத் திறந்த பல்கலைக்கழகத்தின் இயற்பியல் கூடத்தில் இருவருக்கும் வேலை. அமெரிக்க ராணுவ முகாம்கள் இருந்த எங்கள் வட்டாரத்தில் அமெரிக்கன் என்றால் சிப்பாய் என்று அர்த்தம். லேவியோ துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று சொல்லி, ராணுவத்துக்குப் பதிலாக அகதிகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க ஓஹையோவிலிருந்து வந்த ஆமிஷ் பையன்.

ஆமிஷ்காரர்கள் ஒரு வகைக் கிறிஸ்துவர்கள். எப்போதோ இந்தப் பக்கத்திலிருந்து அமெரிக்கா போனவர்கள். மின்சாரம் கிடையாது, கார் கிடையாது, குதிரை வண்டிதான். கோட்டுக்குப் பித்தான்கூடக் கிடையாது, கொக்கிதான். இதற்கெல்லாம் சத்தியம் செய்து ஞானஸ்நானம் வாங்கிக்கொண்ட லேவி, வீடு கட்ட வந்த இடத்தில் ஊர்சுலாவைப் பார்த்து மயங்கி, அவளுடைய சபையில் சேர்ந்து, அவளைக் கட்டிக்கொண்டு, பிழைப்புக்குக் கார்ப் பட்டறையும் திறந்துவிட்டார். ஓர் ஆமிஷ் பையன் இதற்குமேல் கெட்டுப்போவது சிரமம்.

சபை அவரைத் தள்ளி வைத்தது. தள்ளி வைக்கப்பட்டவனோடு பேசலாம். ஆனால் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அவன் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. அவன் காரில் ஏறக் கூடாது. அவன் திரும்பிப் போய் மண்டியிட்டு, பழையபடி அவர்களில் ஒருவனாகும்வரை இதுதான் சட்டம்.

இதை லேவி முதல்முறை சொன்னபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாஸ்கரன் வேறு சாதி. கும்பகோணத்தில் என் அம்மா அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, அவர் வைத்த டம்ளரின் மேல் தண்ணீர் தெளித்துத்தான் எடுப்பாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் நான் கடல் தாண்டி வந்தேன். இங்கே பார்த்தால், கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு மடி ரயிலிலிருந்து இறங்குகிறது.

கிழவர் பெயர் யோனாஸ். மீசை இல்லாத வெள்ளைத் தாடி. விமானத்தில் ஏறாத சபை என்பதால் கப்பலில் வந்து, ரயில் மாறி வந்திருந்தார். பதினேழு வருஷத்துக்குப் பிறகு மகனைப் பார்க்கிறார். "லேவி" என்றார். தலையை ஆட்டினார். இரண்டு கையும் பெட்டியின் பிடியிலேயே இருந்தன.

முந்தின நாள் லேவி, "எதுக்கும் நீயும் உன் வண்டியை எடுத்துக்கிட்டு வா" என்று சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஊர்சுலாவிடம் ஜெர்மன் கற்றதால் எனக்கு வந்ததெல்லாம் இந்தப் பக்கத்துக் கொச்சை. என் பேராசிரியர் அதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். கிழவரின் முன்னோர் அமெரிக்காவுக்கு எடுத்துப்போனதும் கிட்டத்தட்ட அதே கொச்சைதான், அதனால் எங்களுக்குள் பேச்சுத் தட்டவே இல்லை. அவர்கள் பேசியதை நான் என் ஊர்த் தமிழில்தான் சொல்கிறேன். வேறு தமிழ் எனக்கு வராது.

"இது யார் வண்டி?" என்றார் கிழவர், என் பழைய ஃபோக்ஸ்வாகனைச் சுற்றி வந்து.

"என்னோடது."

"யார்கிட்ட வாங்கினே?"

"உங்க பிள்ளைகிட்டதான். சும்மா ஒண்ணும் குடுக்கலை, விலைக்கு வாங்கினேன்."

வானத்தைப் பார்த்து யோசித்தார். "விலைக்குன்னா சரி" என்று ஏறி உட்கார்ந்தார். லேவி தன் காரின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அவர் அன்று புதுச் சட்டை போட்டிருந்தார். காரைத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார்.

அதைப் பார்த்த எரிச்சலோடுதான் வண்டியை ஓட்டினேன். கிழவர் பத்து மைல் தள்ளி, மென்னோனைட் உறவினர் ஒருவரின் பண்ணையில் தங்கப் போகிறார். மென்னோனைட்டுகள் ஆமிஷ்காரர்களுக்குப் பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் டிராக்டர், டெலிவிஷன் எல்லாம் உண்டு. (டெலிவிஷனுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்து அந்த வாரத்தைக் கழித்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.)

"கார் வெச்சுக்கறது தப்பு, ஏறலாமா?" என்று சீண்டினேன்.

"ஏறலாம். சொந்தமா வெச்சுக்கிட்டா தினம் ஏறத் தோணும்."



"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஊர்சுலா சாப்பிடக் கூப்பிட்டிருக்கா. வருவீங்கதானே?"

"வருவேன். சாப்பிடறதுதான்..." என்று இழுத்தார்.

"அவ சமையல். அவதான் பரிமாறப் போறா. அவளை உங்க சபை தள்ளி வைக்கலையே?"

"அவ எங்க சபையிலயே இல்லையேம்மா. அவ கையால வாங்கலாம். மேஜைதான் இடிக்குது."

"உங்க பிள்ளைதானே அவர்?" குரல் உயர்ந்துவிட்டது எனக்கு.

"அதனாலதான்." கிழவருக்குக் கோபம் வரவில்லை. "என் பிள்ளைன்னு நான் விட்டுட்டா, நாளைக்கு அடுத்தவன் பிள்ளையைத் தள்ளி வைக்கறப்ப எந்த முகத்தோட உட்காருவேன்? அவனைத் தள்ளி வைக்கறதுக்குச் சம்மதமான்னு சபையில கேட்டாங்க. சம்மதம்னு சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன். இங்க அதை மீறினேன்னா, ஊருக்குப் போய் எல்லார் முன்னாடியும் நானே சொல்லி மண்டி போடணும்."

இருபுறமும் உருளைக்கிழங்கு வயல். கிழவர் ஒவ்வொரு வயலையும் விலை பேசப்போகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கோ மண்டைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மடி வீட்டில் பிறந்த பெண்ணுக்குச் சட்டம் மறந்தாலும் சந்து மறக்காது. பட்டுக்குத் தீட்டில்லை, பாலுக்கு எச்சில் பத்தில்லை, கையில் கொடுக்காமல் கீழே வைத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று எத்தனை சந்தில் நுழைந்து வளர்ந்தவள் நான்!

"மேஜை ரெண்டா இருந்தா?" என்றேன்.

கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. "பக்கத்துல பக்கத்துலயா?"

"நடுவுல ஒரு விரல் விட்டு."

"விரல் போதாது. ஒரு சாண்."

"சரி, சாண். மேலே ஒரே விரிப்பாப் போட்டுக்கலாமா?"

வெகுநேரம் யோசித்தார். "விரிப்பைப் பத்தி விதியில ஒண்ணுமில்லை" என்றார். தாடிக்குள் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு முன்னாலேயே அவருக்கு இந்தச் சந்து தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. நான் கேட்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார், திருட்டுக் கிழவர்.

சாயங்காலம் பட்டறையில் லேவியிடம் சொன்னேன். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு சாணா! எங்க வீட்டுலயும், சபை தள்ளி வெச்ச சித்தப்பா வந்தா இப்படித்தான். சின்ன வயசுல விரிப்புக்கு அடியில அந்தச் சந்துல கையை விட்டுப் பார்ப்பேன். காத்துதான் இருக்கும்" என்று சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. "அம்மா செத்தப்ப நான் போகலை, கனகவல்லி. போயிருந்தா மூலையில தனி மேஜை போட்டு, ஒத்தையா உட்கார வெச்சிருப்பாங்க. இவருக்கும் வயசாயிடுச்சு, இன்னொரு தடவை கப்பல் ஏற மாட்டார். ஒரே ஒரு வேளை, அவரோட உட்கார்ந்து சாப்பிடணும். அது நடந்தாப் போதும்."

"நடக்கும். ஊர்சுலாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"ஐயையோ! சொன்னா கோடாலியை எடுத்து ரெண்டுல ஒரு மேஜையை விறகாக்கிடுவா."

அதுவும் உண்மை. ஊர்சுலாவின் கோபத்துக்கு முன்னால் என் கோபமெல்லாம் பால்குடி மறக்காத குழந்தை. மாமனார் காரில் ஏறவில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் கூடுதலாகச் சத்தம் போட்டன. "என் வீட்டுல ஒரே மேஜைதான். பிடிச்சா உட்காரட்டும், பிடிக்கலைன்னா வயல்ல போய்ச் சாப்பிடட்டும்!" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டாள்.

ஞாயிறு காலை அவள் சர்ச்சுக்குப் போனதும், பாஸ்கரனும் லேவியும் எங்கள் மாடி மேஜையை இறக்கி அடுக்களை மேஜைக்குப் பக்கத்தில் போட்டார்கள். நான் கையை விரித்துச் சாண் அளந்தேன்.

"கனகா, உங்கம்மா இதைப் பார்த்தா ரொம்பப் பெருமைப்படுவாங்க" என்றார் பாஸ்கரன்.

"வாயை மூடிக்கிட்டு விரிப்பைப் பிடிங்க" என்றேன்.

வெள்ளை விரிப்பை இறுக்கிப் போட்டதும் ஒரே பெரிய மேஜை மாதிரிதான் இருந்தது. ஊர்சுலா வந்து பார்த்து, "ஆறு பேர் கூடுதலா உட்காரலாம் போலிருக்கே" என்று சந்தோஷப்பட்டாள். எனக்குக் குற்றவுணர்ச்சியைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது.

கிழவர் வந்தார். வந்ததும் குனிந்து தன் காலணிக் கயிற்றைச் சரிசெய்தார். கயிறு சரியாகத்தான் இருந்தது. அவர் பார்த்தது விரிப்புக்கு அடியில். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். சந்துக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரே, லேவி. ஆமிஷ்காரர்கள் சாப்பாட்டுக்கு முன் வாய் திறக்காமல்தான் ஜெபம் பண்ணுவார்கள். எல்லோரும் தலை குனிந்தோம். முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் பாஸ்கரன் இரண்டு முறை கரண்டியைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். அரைக்கண்ணில் லேவியைப் பார்த்தேன். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார். நடக்கிறது, நடந்தே விட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஊர்சுலா அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கு சூப்பை எடுத்து வந்தாள். எனக்காகப் பன்றி இறைச்சி சேர்க்காமல் செய்தது. குண்டுப் பீங்கான் கிண்ணம் வழிய வழிய. விருந்தாளிக்கு மரியாதையாக மேஜைக்கு நட்ட நடுவில் இருக்கட்டும் என்று பார்த்து வைத்தாள்.

கிண்ணம் நிற்கவில்லை. விரிப்போடு சேர்ந்து கீழே இறங்கியது. ரொட்டித் தட்டு சரிந்தது, பிளம் கேக் நகர்ந்தது, நான் "ஐயோ!" என்று தமிழில் கத்தினேன். தரையைத் தொடுவதற்குள் நாலு கைகள் கிண்ணத்தைப் பிடித்துவிட்டன. இரண்டு லேவியுடையவை. இரண்டு கிழவருடையவை.

இருவரும் எழுந்து நின்றபடி கிண்ணத்தைச் சந்துக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். லேவியின் விரல்களுக்கு மேலே கிழவரின் விரல்கள். யார் விட்டாலும் சூப் கொட்டும்.

ஊர்சுலா விரிப்பை ஒதுக்கி உள்ளே பார்த்தாள். சந்து தெரிந்தது. அவள் முகம் சிவந்ததைப் பார்த்து, செத்தோம் என்று நினைத்தேன். இந்தச் சமயம் பார்த்து என் நல்ல கணவர் உதவிக்கு எழுந்தார். "குடுங்க, நான் வாங்கிக்கறேன்..." என்று ஆரம்பித்தவரின் காலில் நான் ஓங்கி மிதித்தேன். உட்கார்ந்துவிட்டார்.

கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கட்சிக்காரன் வக்கீலைப் பார்க்கிற பார்வை.

"யார் குடுத்தாங்க?" என்றார்.

"யாரும் குடுக்கலை."

"யார் வாங்கினாங்க?"

"யாரும் வாங்கலை. விழுந்ததைப் பிடிச்சீங்க, அவ்வளவுதான்."

தலையசைத்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. கிண்ணத்தைப் பக்கத்தில் கொஞ்சம் நகர்த்தினால் வைத்துவிடலாம். அது அவருக்கும் தெரியும், லேவிக்கும் தெரியும்.

"சுடுதாப்பா?" என்றார் லேவி.

"சுடலை" என்றார் கிழவர். அவர் விரல்நுனிகள் செக்கச்செவேலென்று இருந்தன.

ஊர்சுலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபத்தில் மூச்சு ஏறி இறங்கியது. பிறகு அகப்பையை எடுத்து, அவர்கள் பிடித்திருந்த கிண்ணத்திலிருந்தே மொண்டு பரிமாற ஆரம்பித்தாள். முதலில் எனக்கு, பிறகு பாஸ்கரனுக்கு, பிறகு தனக்கு. சாப்பிட உட்கார வேண்டிய இருவரும் எங்களுக்குப் பந்தல் கால் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள்.

உருளைக்கிழங்கு சூப் எனக்கு ஆகவே ஆகாது. பரிமாறுவது நின்றால் அவர்கள் கையை எடுத்துவிடுவார்களே என்று அவசர அவசரமாகக் குடித்துவிட்டுத் தட்டை நீட்டினேன். ஊர்சுலா என்னை உற்றுப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். அரை அகப்பைக்கு மேல் ஊற்றவில்லை. அதையும் குடித்து மறுபடி நீட்டினேன். பாஸ்கரன் "எனக்குப் போதும்" என்றார். மறுபடி மிதித்தேன். அவரும் நீட்டினார். ஊர்சுலாவும் தன் தட்டில் கால் கரண்டி, கால் கரண்டியாக ஊற்றிக்கொண்டாள். எவ்வளவு கொஞ்சமாக ஊற்றினாலும் சூப் குறைந்துகொண்டேதான் போயிற்று. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பாத்திரம் காலியாகக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் அகப்பை பீங்கானில் மோதிய சத்தம் கேட்டது. ஊர்சுலா அதைக் கீழே வைத்தாள்.

கிழவர் கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தார். வெள்ளைவெளேரென்று அடி தெரிந்தது.

"அடியில இன்னும் இருக்கும்மா" என்றார். "நல்லாச் சுரண்டு."

ஊர்சுலா அகப்பையை எடுத்து, வெறும் கிண்ணத்தை நிதானமாகச் சுரண்டத் தொடங்கினாள்.