ஒட்டகச்சிவிங்கி ஊர் திரும்புமா

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. 2013 மார்ச்சில், நெதர்லாந்தின் லேவார்டன் நகர நூலகத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி, “மூணாவது புத்தகம் எழுதி முடிச்சிட்டீங்களா?” என்று கேட்டாள். முடித்துவிட்டேன் என்றேன். ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

என் பெயர் மின்யூ. குழந்தைகளுக்கு டச்சு மொழியில் சீனக் கதைகள் எழுதுகிறேன். சீன எழுத்தில் எனக்குப் படிக்க வருவதெல்லாம் அப்பாவின் உணவகத்து மெனுவில் இருந்தவைதான். உணவகத்தை விற்றுவிட்டு அப்பாவும் அம்மாவும் சீனாவில் தங்கள் ஊரான வென்ஜோவுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். நான் க்ரோனிங்கனில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, தனியாக இருக்கிறேன்.

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

பேரரசரின் கப்பலில் ஒரு சிறுமி ஒளிந்துகொண்டு (வேண்டாம். கப்பலில் ஒளியாத சிறுமி எந்தக் கதையில் இருக்கிறாள்?)

அன்று மழை (க்ரோனிங்கனில் இது ஒரு செய்தியே இல்லை.)

2

இது வரலாறு: அறுநூறு வருடங்களுக்கு முன்னால், மிங் பேரரசரின் அரண்மனைக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஓர் ஒட்டகச்சிவிங்கி கடல் கடந்து வந்தது. அங்கே யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பழங்கதைகளில் வரும் சிலின் என்ற மங்கல விலங்கு இதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

மீதி என் கற்பனை. அதற்குத் தழை போடும் பெய்ஷு என்ற சிறுமியோடு மட்டும் அந்த ஒட்டகச்சிவிங்கி பேசும். இரண்டு புத்தகங்களில் இருவரும் அரண்மனையிலிருந்து தப்பி, புயல் மந்திரவாதியை ஏமாற்றி, ஒரு கப்பலையும் பிடித்துவிட்டார்கள். மூன்றாவதில் ஒட்டகச்சிவிங்கியின் ஊர் போய்ச் சேர வேண்டும்.

3

நூலகத்தில் கூட்டம் கலைந்த பிறகும் அந்தக் கேள்வி கேட்ட பெண் போகவில்லை. பெயர் வீட்ஸ்கெ. பெயர் இந்த ஊருடையது, முகம் என்னுடையதைப் போல. கைக்குழந்தையாகச் சீனாவிலிருந்து தத்து வந்தவள். நூலகத்து ஊழியர் ஒரு சின்னச் சிவப்பு மேலங்கியை என் கையில் கொடுத்து, “உங்க பொண்ணோடது, நாற்காலியில விட்டுட்டா” என்றார்.

நான் பதில் தேடுவதற்குள் வீட்ஸ்கெ முந்திக்கொண்டாள். “இவங்க என் அம்மா இல்ல. அம்மா அதோ, கேக் சாப்பிட்டுட்டு இருக்காங்க.”

அதோ நின்ற உயரமான பெண் ஹன்னெக்க, கேக் தட்டைக் கீழே வைத்தாள்.

“எனக்குப் பெய்ஷுவப் பிடிக்கல” என்றாள் வீட்ஸ்கெ.

“ஏன்டா?”

“அவளுக்கு எல்லாமே தெரியுது. ஒட்டகச்சிவிங்கிதான் பாவம். எல்லாரும் சிலின், சிலின்னு சொல்லிச் சொல்லி அதுக்கே சந்தேகம் வந்துடுது. கடைசில அது ஊருக்குப் போயிடுமா?”

“சொன்னா புத்தகத்த யார் வாங்குவா?”

அவள் சிரிக்கவில்லை. “ஜூலைல நாங்க சீனா போறோம். நான் இருந்த குழந்தைகள் இல்லத்தப் பார்க்க. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்.”

4

(ஹன்னெக்கவைக் கேக் தட்டோடு மட்டும் காட்டியது நியாயமில்லை. அடுத்த வாரம் தொலைபேசியில் கூப்பிட்டது அவள்தான்.)

“மின்யூ, அந்த வாசல்ல யாரோ அவளுக்காகக் காத்துட்டு இருப்பாங்கன்னு நினைக்கிறா. யாரும் இருக்க மாட்டாங்க. எனக்கு அதச் சொல்ல வாய் வரல. நீங்க ஏதாவது எழுதுங்களேன். நான் சொன்னா அம்மாவுக்குப் பொறாமைன்னு நினைப்பா.”

“நான் அங்க போனா எனக்கே வழி தெரியாதுங்க.”

“பரவாயில்ல. உங்க முகத்த அவ நம்புறா.”

அந்த வாக்கியம் பல நாள் என்னை உட்காரவிடவில்லை.

முதல் முடிவு: ஊர் வருகிறது. ஒட்டகச்சிவிங்கிக் கூட்டமே ஓடி வந்து அதன் கழுத்தை உரசுகிறது. (இது பொய். பத்து வயதுப் பெண்ணிடம் இரண்டாவது பொய்.)

இரண்டாவது முடிவு: ஊர் வருகிறது. கூட்டம் அதை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்து (எழுதும்போது கை நின்றுவிட்டது.)

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அப்பாவிடம் கேட்டேன். “கோடையில வந்து ஒரு மாசம் இருக்கட்டுமாப்பா?”

“இங்க வந்து என்ன பண்ணப்போற? யாரத் தெரியும் உனக்கு? உன் வீடு அங்கதானே இருக்கு.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். நான் ஜன்னல் வழியே கால்வாயைப் பார்த்துக்கொண்டு சரி என்றேன்.

5

ஜூன் மாதம் வீட்ஸ்கெவுக்கு எழுதினேன். நான் சொன்னது பொய், முடிவு இன்னும் இல்லை, எனக்குத் தெரியவில்லை. வாசலில் யாரும் இல்லாமல் போகலாம், அப்படியானால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள் என்றும் எழுதினேன். பதில் வரவில்லை. அவளைக் காயப்படுத்திவிட்டேன் என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் வந்தது:

“அந்த இல்லம் இப்ப இல்ல. அந்த இடத்துல துணிக்கடை இருக்கு. அம்மா அழுதாங்க. நான் அழல. நான்தான் அவங்க கையப் பிடிச்சுக்கிட்டேன். உள்ள போய் எனக்கு ஒரு சட்டை வாங்கினோம். கடைக்காரம்மா என்கிட்டயே சீனத்துல பேசிட்டு இருந்தாங்க, நான் சும்மா தலையாட்டினேன். ராத்திரி ஹோட்டல்லதான் அழுதேன், கொஞ்சம். ஒட்டகச்சிவிங்கி ஊருக்குப் போகட்டும். ஆனா அங்க யாரும் அதுகிட்ட, நீ யாருன்னு கேட்கக்கூடாது.”

6

அவள் கேட்டபடியே எழுத உட்கார்ந்தேன்.

கரை தெரிந்தது. பெய்ஷு கயிற்றை அவிழ்த்தாள். ஒட்டகச்சிவிங்கி பலகையில் முன்காலை வைத்தது. கரையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு

மூன்று வாரமாக இங்கேயே நிற்கிறது. வந்தவரிடம் நீ யார் என்று கேட்காத கரை எப்படி இருக்கும், அங்கே நிற்பவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள், முதலில் என்ன பேசுவார்கள்? எனக்குத் தெரியாது. நான் அப்படி ஓர் இடத்தில் இறங்கியதே இல்லை. நீங்கள் இறங்கியிருந்தால் அந்த வரியை முடித்துக்கொடுங்கள். வீட்ஸ்கெ கேட்டுக்கொண்டிருக்கிறாள்.