பருப்பு வேகும் தண்ணீர்

1.

இந்தக் கதை ஒரு நோட்டீஸிலிருந்து பிறந்தது. நோட்டீஸ் ஒரு கட்டுரையிலிருந்து பிறந்தது. கட்டுரையை எழுதியது நான். இதில் வரும் தப்புக்கு வேறு ஆளைத் தேட வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. தைத்து வரும் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விலகிய இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வேலை முடிந்து மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை குரூப் தேர்வுக்கான வகுப்பு. கை ஓட வேண்டும் என்று தினமும் அரைப்பக்கம் டைரி எழுதச் சொன்னார் சார். எனக்கு அரைப்பக்கத்தோடு நிற்கவில்லை. பதினொரு மாதத்தில் மூன்று நோட்டு.

முதல் வரியை ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன்.

"பாலாற்றங்கரையில் ஒரு பழைய ஊர் இருந்தது." (இப்போதும் இருக்கிறது. நான் அங்கேதான் இருக்கிறேன்.)

"அம்பிகா அக்கா நல்லவர்." (இப்படி ஆரம்பித்தால் அவருக்குக் கெட்டது நடக்கப்போகிறது என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.)

"நான் ஒரு பொய் சொன்னேன்." (சொல்லவில்லை. தலையாட்டினேன். அது ஐந்தாம் பகுதியில்.)

மற்ற இரண்டும் இவற்றைவிட மோசம்.

2.

முதலில் ஊர். பெயரை மாற்றியிருக்கிறேன். பழம்பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, இரண்டு ஊர்க்காரர்களும் 'அவுட்டர்' என்று ஒதுக்கிவிட்ட ஊர். "நீங்கள் வாழும் ஊரின் சிறப்பு, இருநூறு சொற்களில்" என்று வகுப்பில் கேட்டபோது நான் எழுதியதில் கொஞ்சம்:

"எங்கள் தெருவின் பெயர் குதிரைலாயத் தெரு. நவாபு காலத்தில் குதிரைகளைக் கட்டிய நீளமான சுவர் இன்னும் நிற்கிறது. அதில் இப்போது பள்ளிக்கூடப் பைகள் தொங்குகின்றன. வீடுகளின் சுவர்கள் இரண்டு முழம் தடிமன். மே மாத மதியத்திலும் உள்ளே நுழைந்தால் யாரோ நெற்றியில் கை வைத்த மாதிரி இருக்கும். மிஷன் பள்ளி மணி, பள்ளிவாசல் அழைப்பு, ரயில் நிலையத்து ஒலிபெருக்கி மூன்றையும் கேட்டு நேரம் சொல்லும் மனிதர்கள் இங்கே உண்டு. வேலூரின் ஆஸ்பத்திரியும் ஆம்பூரின் வேலையும் அரைமணி தூரம். மாலையில் திரும்பும்போது ஊர் நம்மை அடையாளம் கண்டுகொள்கிறது."

இருபதுக்குப் பதினெட்டு. சார் சத்தமாகப் படித்துக் காட்டினார். பின் பெஞ்சிலிருந்து தௌசீப் அகமது, "இன்னா தமிழினி, மூக்க வீட்லயே வச்சிட்டு எழுதுனியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். காற்று மேற்கே திரும்பும் நாட்களில் கண்ணை மூடிக்கொண்டே பழம்பேட்டை ஸ்டாப்பில் இறங்கலாம், தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடையே சொல்லிவிடும். நானும் சிரித்தேன்.

(வாடையை எழுதாமல் விட்டதற்காக இந்தக் கதையில் நான் வெட்கப்படவில்லை. இந்த வட்டாரத்தில் அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை மறைக்க முடியாது.)

3.

வேலாயுதம் சித்தப்பா வீடு வாங்கி விற்கும் தரகர். அப்பா போன பிறகு எங்கள் வீட்டு அரிசியிலிருந்து என் வகுப்பு ஃபீஸ் வரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவரைக் கெட்டவராக எழுத மூன்று முறை முயன்றேன். முடியவில்லை. அவர் சிரிப்பதை எழுதினாலே நல்லவராகிவிடுகிறார்.

எங்கள் தெருவிலேயே, எங்கள் வீட்டுக்கு அடுத்ததாகப் பூட்டிக் கிடந்த ஒரு பழைய வீடு அவரிடம் விற்பனைக்கு வந்தது. என் கட்டுரையை வாங்கிப் படித்தார். அடுத்த வாரம் அது மஞ்சள் தாளில் நோட்டீஸாக வந்தது. மேலே பெரிய எழுத்தில், 'வரலாறு வாழும் தெருவில் உங்கள் வீடு'. கீழே அவருடைய போன் நம்பர். என் பெயர் இல்லை. ஆனாலும் நான் எழுதிய வரி அச்சில் வந்தது அதுதான் முதல் முறை. இருபது நோட்டீஸ் எடுத்துக்கொண்டு போய் கம்பெனி பஸ்ஸில் கொடுத்தேன். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை.

* நோட்டீஸில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அடிக்கடி இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

4.

அம்பிகா அக்கா. தையல் லைனில் பதினான்கு வருடம். மாதனூரில் வாடகை வீடு. பஸ்ஸில் நான் முதலில் ஏறிவிடுவதால் அவருக்கு ஜன்னல் சீட்டு பிடித்து வைப்பேன். மகள் சௌமியாவைக் கிளப்பிவிட்டு ஓடி வந்து ஏறுவார். உட்கார்ந்ததும் முதல் பேச்சு, "தண்ணி வச்சிருக்கியா தமிழு?"

முதல் வரைவில் அவரை வெகுளியாக எழுதியிருந்தேன். ஏமாந்தவர் வெகுளியாக இருந்தால் ஏமாற்றியவருக்குப் பாதிக் குற்றம்தான் என்று தோன்றுகிறது போலும். அடித்துவிட்டேன். அவர் எங்கள் லைனிலேயே கூர்மையானவர். நோட்டீஸை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது இது:

"எனக்கு நவாபும் வேணாம், குதிரையும் வேணாம் தமிழு. குழாயத் தெறந்தா பருப்பு வேகுற தண்ணி வரணும். அது இருந்தா சொல்லு, வர்றேன்."

அவர் இருக்கும் இடத்தில் போர் தண்ணீர் மஞ்சளாக வரும். அதில் பருப்பு வேகாது. மூன்று விசில் விட்டாலும் கல்லாகக் கிடக்கும். சௌமியாவுக்குக் கையிலும் கழுத்திலும் சொறி. பி.எஃப். பணம், நகை என்று தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒரு வீட்டில் போட அவர் தயாராக இருந்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம், எங்கள் தெருக் கிணறுகள் எல்லாமே

(இந்த வாக்கியத்தை இங்கே முடிக்க முடியவில்லை. அன்றைக்கும் முடியவில்லை.)

5.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார்கள். தாகத்துக்கு இல்லை. குடித்துவிட்டு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுப்பார்கள். உப்பு, கசப்பு, தோல் ஷெட்டு, எல்லாம் அந்த ஒரு மடக்கில் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். கூரை ஏறிப் பார்த்தார். சாக்கடை எங்கே போகிறது என்று பின்வாசல் வரை நடந்தார். தாய்ப்பத்திரம் கேட்டார். கிணற்றை எட்டிப் பார்த்தார், தண்ணீர் தெளிவாகத்தான் தெரிந்தது. மோட்டாரைப் போடச் சொன்னார். ரிப்பேர் என்றார் சித்தப்பா, காலையில் இறைத்தது குடத்தில் இருக்கிறது, "தமிழினி, அக்காவுக்கு ஒரு டம்ளர் குடும்மா."

சித்தப்பாவின் யோசனைப்படி குடத்தில் கேன் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தோம்.

மொண்டு கொடுத்தேன். குடித்தார். நாக்கை ஒட்டி எடுத்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, சித்தப்பாவை இல்லை, என்னைத்தான் பார்த்து, "இந்தக் கெணத்துத் தண்ணிதான?" என்றார்.

தலையாட்டினேன்.

கைப்பையிலிருந்து காலி பாட்டில் ஒன்றை எடுத்து அதிலும் நிரப்பிக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, வீட்டில் பருப்பு போட்டுப் பார்க்க என்றார்.

6.

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டால் கதை நன்றாக இருக்கும். தௌசீப்பிடம் வரைவைக் காட்டினேன். கதை என்று மட்டும் சொன்னேன். அவனும் இதை எடுத்துவிடச் சொன்னான், "ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று. அவனுக்கு இது நடந்தது என்று தெரியாது.

மறுநாள் திங்கள். கேன்டீனில் அக்கா தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினார். குழைந்து மலர்ந்த துவரம்பருப்பு, பூண்டு, மேலே நெய்.

"ஒரே விசில்தான். உங்க ஊரு தண்ணி. சாப்ட்டுப் பாரு. வர்ற வாரம் வெள்ளிக்கெழம பத்திரம் வச்சிடலாம்னு ஒங்க சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன்."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை. பக்கத்திலிருந்த பெண்களிடம் அக்கா, "இவதான் எனக்கு வீடு காமிச்சா" என்றார். மதியம் எண்பது ஜோடியில் ஒன்றில்கூட என்னால் ஸ்டிக்கர் ஒட்ட முடியவில்லை. எல்லாமே சரியாகத் தெரிந்தது.

7.

முடிவுகள். டைரியில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்.

அ) பஸ்ஸில் சொல்லிவிடுகிறேன். அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார். (மாட்டார். சீட்டு மாறி உட்காருவார்.)

ஆ) சொல்லவில்லை. அவர் குடிவருகிறார். முதல் நாள் பருப்பு வைக்கிறார். பக்கத்து வீட்டில் விசில் சத்தத்தை எண்ணிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று. நான்கு. ஐந்து.

இ) சித்தப்பா மனம் மாறுகிறார். (வேறு யாராவது மாறினால் நல்லது என்று நான் நினைத்ததால் வந்த முடிவு. அடித்துவிட்டேன்.)

ஈ) எங்கள் வீட்டில் எல்லோரும் கேன் தண்ணீர் வாங்கித்தானே வாழ்கிறோம், பழைய ஊரில் இருக்க அது ஒரு பெரிய விலையா என்று ஒரு நீண்ட பத்தி. இரண்டு பக்கம் வந்தது. எழுதும்போது நானே நம்பினேன். இந்த ஊரை விட்டு எங்கும் போக எனக்கு விருப்பமில்லை, அது பொய்யில்லை. அக்கா பக்கத்து வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன், அதுவும் பொய்யில்லை. ஆனால் உப்புத் தண்ணீர் என்று தெரிந்து நான் இங்கே இருக்கிறேன். அக்காவுக்கு அந்தத் தெரிதலை நான் கொடுக்கவில்லை.

ஒரு திருத்தம். ஐந்தாம் பகுதியில் "சித்தப்பாவின் யோசனைப்படி" என்று எழுதியிருக்கிறேன். அவருடைய யோசனை, கேனையே சமையலறையில் வைத்து அதிலிருந்து பிடித்துக் கொடுப்பது. "நாமளும் அதத்தான குடிக்கிறோம், இதுல இன்னா இருக்கு" என்றார். கேனைப் பார்த்தால் அக்காவுக்குச் சந்தேகம் வரும், பித்தளைக் குடத்தில் ஊற்றி வைக்கலாம் என்று சொன்னது நான். குறையைக் கண்டுபிடிப்பது என் வேலை. அவருடைய திட்டத்தில் இருந்த குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். புளி போட்டு அந்தக் குடத்தைத் துலக்கியதும் நான்தான்.

இரண்டாம் பகுதியில் உங்களுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். நெற்றியில் கை வைத்த மாதிரி இருக்கும் என்று. குடித்திருப்பீர்கள்.

8.

இதை எழுதும்போது வியாழன் காலை ஆறரை. நாளை பத்திரப்பதிவு. இந்தக் கதையை எழுத எட்டு வேலை நாள் ஆனது. எட்டு காலையும் அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்து போனேன். எழுதிக்கொண்டிருக்கிறேனே, ஏதோ செய்துகொண்டுதானே இருக்கிறேன் என்று அந்த எட்டு நாளும் தோன்றியது.

சற்றுமுன் அந்த வீட்டைத் திறந்தேன். மோட்டார் ரிப்பேர் இல்லை. சுவிட்சைத் தட்டினேன், ஓடியது. ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். அதன்மேல் கம்பெனி சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டலாம் என்று தோன்றியது. கதைக்கு அழகாக இருக்கும். அதனாலேயே ஒட்டவில்லை.

இன்னொரு பாட்டிலில் கேன் தண்ணீர், தினமும் கொண்டுபோவது. இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி. எது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

ஏழு பத்துக்கு பஸ். மாதனூரில் நிற்கும். அக்கா ஓடி வந்து ஏறுவார், நான் பிடித்து வைத்த சீட்டில் உட்காருவார், மூச்சு வாங்கிக்கொண்டு எப்போதும் கேட்பதைக் கேட்பார்.

எதை எடுத்துக் கொடுப்பேன் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கொடுத்துவிட்டது போல ஆகிவிடும். எனக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. முடிவு வேண்டுமானால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் நோட்டை மூட வேண்டும்.

"தண்ணி வச்சிருக்கியா தமிழு?"